ஒத்துக்கிறியா, அளக்கட்டுமா?

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் சில தலைமுறைகள் வாழ்ந்த கிட்டிப்புள் வழக்கு காலமாகிவிட்டது. எந்த நாளில் என்று சொல்ல யாராலும் முடியாது. ஆட்டம் இன்னும் அங்கங்கே தலைகாட்டுகிறது. பொங்கலை ஒட்டி நடக்கும் மரபு விளையாட்டு நிகழ்ச்சிகளில் சாயம் பூசிய கிட்டியும் புள்ளும் வந்து நிற்கின்றன. ஒருவர் அடிக்கிறார், படம் எடுக்கிறார்கள், கை தட்டுகிறார்கள். புள் விழுந்த இடத்துக்கும் குழிக்கும் நடுவே எத்தனை கிட்டி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டு, மறுத்து, தொண்டை கட்டும்வரை கத்தி, மண்ணில் மண்டியிட்டு அளந்து, அளந்த விதம் சரியில்லை என்று மறுபடி முதலிலிருந்து அளந்த அந்த வாதம்தான் இறந்துபோனது. இந்த இரங்கல் அதற்கு.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிட்டி என்பது கைக்கு அடக்கமான நீளக் கோல். புள் ஒரு சாணுக்கும் குறைவான சிறு கட்டை. இரண்டு முனையும் சீவப்பட்டிருக்கும். தரையில் சிறு குழி தோண்டி, அதன் குறுக்கே புள்ளை வைத்து, கிட்டியால் கிண்டித் தூக்கி எறிவது முதல் வேலை. எதிரணி அதைப் பிடித்துவிட்டால் ஆள் அவுட். பிடிக்காவிட்டால் புள் விழுந்த இடத்திலிருந்து குழியை நோக்கி வீசுவார்கள். குழிமேல் குறுக்காகக் கிடக்கும் கிட்டியில் பட்டாலும் அவுட். இதையெல்லாம் தாண்டி வந்தவனுக்குத்தான் உண்மையான அடி. புள்ளின் முனையைத் தட்டி எழுப்பி, அது காற்றில் நிற்கும் நொடியில் ஓங்கி அடிக்க வேண்டும்.

புள் எங்கோ போய் விழும். அடித்தவன் அங்கிருந்தே ஓர் எண்ணைக் கேட்பான். “முப்பது!” குழியிலிருந்து அதுவரை முப்பது கிட்டி நீளம் இருக்கிறது என்று பொருள். எதிரணி கண்ணால் பார்த்து, தங்களுக்குள் குசுகுசுத்து, ஒன்று “எடுத்துக்க” என்று விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் “அள” என்று சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் முப்பது அவன் கணக்கில் ஏறிவிடும், அளக்கும் பேச்சே இல்லை. அளந்து முப்பதுக்குக் குறைந்தால் அவன் அவுட். நாற்பது இருந்தாலும் கேட்ட முப்பதுதான் கிடைக்கும். குறைத்துக் கேட்டால் நட்டம், கூட்டிக் கேட்டால் ஆட்டமே போகும். அளக்கச் சொன்னவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கேட்ட எண் சரியாக வந்துவிட்டால், அடுத்த முறை அவர்கள் “அள” என்று வாய் திறப்பது கடினம்.

இந்த ஆட்டத்தில் நான் மிகவும் மதிப்பது, அடிக்கும் கோலே அளக்கும் கோலாகவும் இருப்பது. நீளமான கிட்டி வைத்திருப்பவன் புள்ளைத் தூரமாக விரட்டலாம். ஆனால் அதே நீளக் கோலால் அளக்கும்போது எண் குறைந்துவிடும். குட்டைக் கிட்டியால் தூரம் போகாது. போன தூரம் எண்ணில் பெருகும். கொய்யாக் கிளையை வெட்டி உட்கார்ந்து சீவும் பிள்ளை, பலத்துக்கும் கணக்குக்கும் நடுவே தனக்கு எது வேண்டும் என்பதை அந்த நேரத்திலேயே முடிவு செய்துவிடுகிறான். காற்றில் புள்ளை இரண்டு முறை தட்டிவிட்டு அடித்தால் கிட்டியால் அளக்காமல் புள்ளாலேயே அளக்கலாம் என்ற விதியும் சில இடங்களில் உண்டு. புள் சிறியது, எண் இரண்டு மூன்று மடங்காக ஏறும். அந்த இரண்டாவது தட்டு தட்டா, தவறிப் பட்டதா என்பதில் தொடங்கும் சண்டை பொழுது சாய்ந்தாலும் முடியாது.

அளப்பதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. கோலைப் படுக்க வைத்து, முன் முனையில் விரலை ஊன்றி, கோலைத் தூக்கி, விரல் இருக்கும் இடத்தில் பின் முனையை வைக்க வேண்டும். ஒவ்வொன்றாக எல்லோரும் சேர்ந்து எண்ணுவார்கள். விரலுக்கும் கோலுக்கும் நடுவே இடைவெளி விட்டால் எண் குறையும்; அது எதிரணியின் கள்ளாட்டம். கோலை முழுதாக நகர்த்தாமல் பின்னுக்கு இழுத்து வைத்தால் எண் கூடும். அது அடித்தவனின் கள்ளாட்டம். நேர்கோட்டில் போகாமல் வளைந்து போனாலும் எண் கூடும். அதனால் ஒருவன் அளக்க, எதிரணியில் ஒருவன் அவனுக்குப் பக்கத்திலேயே குனிந்து நடந்து வருவான். இரண்டு பேரின் முகமும் தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும்.

“டேய், இழுக்காதடா!”

“எங்க இழுத்தேன்? விரலப் பாரு. விரல் இருந்த எடத்துலதான வச்சேன்?”

“அண்ணே, அவன் சுத்திக்கிட்டுப் போறான். நேராப் போகச் சொல்லுங்க.”

“நேராப் போனா நடுவுல மரம் நிக்குதே தம்பி, மரத்துக்குள்ள பூந்தா அளப்பான்?”

மரம் நடுவில் வந்தால் என்ன செய்வது என்பது பெரிய வழக்கு. ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நிற்கும் தோட்டத்தில் மரம் வராத பாதை அரிது. அடிமரத்தின் தடிமனைக் கோலால் பக்கத்தில் வைத்து மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. மரத்தைச் சுற்றி அளந்துவிட்டு ஒரு கிட்டி கழிக்கலாம் என்பது இன்னொரு கட்சி. சரிவில் புள் உருண்டால்? விழுந்த இடமா, நின்ற இடமா? தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கூரையில் தங்கிவிட்டால்? எதிரணிப் பையனின் காலில் பட்டுத் திரும்பினால்? கால்வாய்க்குள் விழுந்தால், கால்வாயின் பள்ளத்தில் இறங்கி ஏறி அளப்பதா, மேலே பாலம்போல் கோலைப் போட்டு அளப்பதா? இதில் எதற்கும் அச்சடித்த விதி கிடையாது. நேற்று நடந்த வழக்கில் என்ன முடிவானது என்ற ஞாபகம்தான் விதி. “போன வாரம் உனக்கு இப்படித்தான விட்டோம்?” என்ற வாதத்துக்கு நிகரான வாதம் களத்தில் இருந்ததில்லை. வழக்கு முற்றினால் மாரியம்மன் மேல் சத்தியம் கேட்பார்கள். இன்னும் முற்றினால் முனியாண்டி. முனியாண்டி பெயரைச் சொன்னதும் பொய்யாக எண்ணியவன் பெரும்பாலும் ஓர் எண் குறைத்துக்கொள்வான்.

விதிகள் ஏன் இவ்வளவு பேசப்பட்டன என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஒரே லயத்தில் சேலத்துக் குடும்பமும் தஞ்சாவூர்க் குடும்பமும் வட ஆற்காட்டுக் குடும்பமும் அடுத்தடுத்த கதவில் வாழ்ந்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்த கப்பல்களில் அவர்கள் கிட்டியையும் புள்ளையும் ஏற்றிக்கொண்டு வரவில்லை. விதிகளை மட்டும் தலைக்குள் கொண்டு வந்தார்கள். அவரவர் ஊர் விதி. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்திய பிறகு புதிய ஊர் விதிகள் வருவதும் குறைந்தது. வந்து சேர்ந்தவை லயத்துக்கு லயம் கலந்து, பிரிவுக்குப் பிரிவு வேறாகிப் போயின. பீடோங்குக்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் 1, 2, 3 ஆம் பிரிவுகளின் பெயரிலேயே தனித்தனித் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்துப் பிரிவு எண்களும் அப்படியே பள்ளிப் பெயர்களில் நிலைத்திருக்கின்றன. பிரிவு என்பது பிள்ளைகளுக்கு ஒரு நாடு. இரண்டு பிரிவுப் பிள்ளைகள் மோதும்போது யாருடைய கிட்டியால் அளப்பது என்பதே முதல் பேச்சுவார்த்தை. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கோலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நீளம் பார்த்து, பொதுக் கோல் ஒன்றை ஒத்துக்கொள்வார்கள். கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் சேர்ந்தால் எண்ணிக்கை மலாயில் நடக்கும். சண்டை இரண்டு மொழியிலும் நடக்கும்.

இந்தச் சண்டையை நான் இவ்வளவு உயர்த்திப் பேசுவதற்குக் காரணம், அதே தோட்டத்தில் நடந்த இன்னோர் அளவு.

தோட்டம் முழுக்க முழுக்க அளவால் ஆனது. விடியும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதில் தொடங்கும். மரம் நடக் கயிறு பிடித்து முளை அடித்தது ஓர் அளவு. ஒருவருக்கு இத்தனை மரம் என்று பிரித்துக் கொடுத்த வெட்டு ஓர் அளவு. பட்டையில் உளி எவ்வளவு ஆழம் இறங்கலாம், ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை போகலாம் என்பதும் அளவு. மங்குக் கிண்ணங்களில் வடிந்த ரப்பர்ப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுபோனால் அங்கே நிறுவை. நிறுத்த பிறகு பாலில் மெட்ரோலாக் கருவியை மிதக்க விட்டு, எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பார்கள். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் கணக்கு. கருவியைக் குனிந்து படிப்பது தோட்டத்துக் கணக்கரான கிராணி. எழுதுவதும் கிராணி. வாளியைச் சுமந்து வந்த பெண் எதிர்ப்பக்கம் நிற்பாள். படித்த எண் அவளுக்குச் சொல்லப்பட்டது, காட்டப்பட்டது குறைவு. எல்லாக் கிராணிகளும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக எழுதியவர்கள் நிறையப் பேர். நேர்மையானவர் எழுதினாலும் நேர்மையற்றவர் எழுதினாலும் அந்தப் பெண் நின்ற இடம் ஒன்றுதான். “ஐயா, இன்னொரு தடவை அளந்து பாருங்க” என்று சொல்லும் இடம் அவளுக்கு அங்கே இல்லை.

அவளுடைய மகன் அன்று மாலையே திடலில் நின்று “அள” என்றான். அவனைவிட நான்கு வயது பெரியவனிடம் சொன்னான். பெரியவன் அளந்தான். சின்னவன் பக்கத்தில் குனிந்து நடந்தான், விரலைப் பார்த்தான், “இழுக்காதே” என்றான். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், காலையில் தாய்க்கு இல்லாத உரிமை மாலையில் பிள்ளைக்கு இருந்தது. அளவுகோல் யார் கையில் இருந்தாலும் எதிரில் நிற்பவன் அதைச் சோதிக்கலாம். எண் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகுதான் எண். கெடாத் தோட்டங்களில் இந்த விதி எழுத்தில் எங்கும் இல்லாமல், பிள்ளைகளின் வாயில் மட்டும் இருந்தது. தொழிற்சங்கம் பேசிய கூலிப் பேச்சுவார்த்தைகளின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள், எழுத வேண்டியதும்தான். இதையும் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் விளையாட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டைத் தன் மேலதிகாரிகளுக்கு ஆடிக் காட்டினார். அதில் படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கு விரிவான விதிகள் உண்டு; அளந்து முடிவு சொல்ல ஒரு நடுவர் உண்டு. விதிகள் பெருகி ஆட்டம் நகர முடியாமல் போனதால், 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி விதிகளையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, நடுவரின் சொல்லே முடிவு என்றார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் ‘லிட்டில் வார்ஸ்’ நூலை வெளியிட்டார். காலாள் ஓர் அடி, குதிரைப்படை இரண்டு அடி, கயிற்றால் அளந்து நகர்த்த வேண்டும். பீரங்கியோ நிஜமாகவே சிறு கட்டையைச் சுடும் பொம்மைப் பீரங்கி. அங்கே சுடுவது ஒன்று, அளப்பது வேறொன்று.

பின்னாளில் வந்த ‘வார்ஹாமர்’ மேசைப் போரில் கிட்டிப்புள்ளின் இரத்த உறவு ஒன்று இருந்தது. பீரங்கி சுடுபவர் எத்தனை அங்குலம் என்று கண்ணால் மதிப்பிட்டு முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் நாடாவை விரிக்கலாம். சொன்ன எண் தவறென்றால் குண்டு வேறெங்கோ விழும். நம் பிள்ளை “முப்பது” என்று கேட்டதும் இதே திறமையைத்தான். 2010இல் வந்த பதிப்பு எப்போது வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம் என்று அனுமதித்தது. 2012இல் அதன் விண்வெளிப் போர் வடிவமும் அதே வழியில் போனது. கண்ணால் மதிப்பிடுவது பழகியவர்களுக்குச் சாதகமாக இருக்கிறது, புதியவர்களுக்கு அநியாயம் என்பது மாற்றத்தை வரவேற்றவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கண் பார்த்துச் சொன்ன எண்ணுக்குப் பின்னால் நிற்கும் துணிச்சல் அங்கேயும் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்தான்.

தோட்டத்துக்குத் திரும்பினால், லயத்து வீட்டு முகப்பான அஞ்சடியிலும் ஒரு சிறு நீதிமன்றம் நடந்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. சிமெண்டுத் தரையில் கரியால் ஆடுபுலிக் கட்டம் வரைந்து, மூன்று கல் புலிகளும் பதினைந்து ரப்பர்க் கொட்டை ஆடுகளுமாகப் பெரியவர்கள் ஆடுவார்கள். பதினைந்து ஆடும் இறங்கும் முன் ஓர் ஆட்டை நகர்த்தலாமா, புலி ஒரே மூச்சில் இரண்டு ஆட்டைத் தாண்டலாமா என்று அங்கேயும் விவாதம் உண்டு. அது அடங்கிய குரலில் நடக்கும். திடலில் இருந்த வேகம் அதற்கு இல்லை.

நியாயமாக எழுத வேண்டுமென்றால் குறைகளையும் எழுத வேண்டும். குரல் பெரியவன் ஜெயித்த வழக்குகள் நிறைய. பெண் பிள்ளைகள் ஓரளவு வளர்ந்ததும் களத்தைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் கண்ணளவு மிகச் சரியாக இருந்தவர்களை இழந்தது ஆட்டத்துக்குத்தான் நட்டம். சீவிய முனை கண்ணில் பட்டுவிடும் என்ற தாய்மாரின் பயம் வீண் பயம் இல்லை.

சாவு ஒரே அடியில் வரவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டாடப்பட்டன. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். குடும்பம் போனபோது அந்த வீட்டுப் பிள்ளையும் அவன் ஞாபகத்தில் இருந்த தீர்ப்புகளும் சேர்ந்து போயின. பிறகு ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. ரப்பர்த் தோட்டம் ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட மாதங்களில், இலை உதிர்த்து வெளிச்சமாக நிற்கும், தரை இறுகியிருக்கும், கிட்டிப்புள்ளுக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. செம்பனைக்கு அப்படி ஒரு பருவம் கிடையாது. ஆண்டு முழுக்க நிழல், நிரைக்கு நடுவே வெட்டிப் போட்ட முள் மட்டைகள். அதற்குள் போன புள் திரும்பாது.

1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. சுங்கை பட்டாணி விரிந்து விரிந்து சுற்றியிருந்த தோட்டங்களைத் தாமான் குடியிருப்புகளாக மாற்றியது. பாடாங் செராயிலும் லூனாசிலும் லயத்தை விட்டு வந்தவர்கள் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். கூரை நல்ல கூரை, வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர், பிள்ளைகளுக்குப் படிப்பு. இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன்; லயத்து வாழ்க்கையை யாரும் திரும்பக் கேட்கக் கூடாது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுக் காருக்கு இருந்த தூரம் பத்துக் கிட்டி தேறாது. பிள்ளைகள் பந்துக்கும் பூப்பந்துக்கும் போனார்கள். அங்கே கோடு முன்பே போடப்பட்டிருந்தது, விசில் வேறொருவர் வாயில் இருந்தது. இன்று கைப்பேசியில் ஆடும் பிள்ளைக்கு, குண்டு எத்தனை மீட்டர் போனது என்று திரையே சொல்லிவிடுகிறது. அந்த எண்ணிடம் “இழுக்காதே” என்று சொல்ல முடியாது. பால் கொட்டகையில் அவன் பாட்டி நின்ற இடத்துக்கு அது எனக்கு மிகவும் பக்கத்தில் தெரிகிறது.

மறைந்தவருக்கு வாரிசுகள் உண்டு. ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் சிலர், திருமண மண்டபத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, பழைய வழக்கு ஒன்றை எடுத்துப் போடுவார்கள். அவர்களுக்கு நடுவே இன்றுவரை தீராத வழக்கு, அளவு குழியின் எந்த விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. புள் பறந்த திசையில் உள்ள முன் விளிம்பு என்பார்கள் ஒரு பிரிவினர். குழி ஆட்டத்தின் பகுதி, பறந்த தூரத்தின் பகுதி இல்லை என்பது அவர்கள் வாதம். பின் விளிம்பிலிருந்தே அளக்க வேண்டும் என்பது மறு பிரிவு. நான் பின் விளிம்புக் கட்சி. முதல் எறியில் கிட்டி இறங்குவது குழிக்குள். புள்ளைத் தூக்கிவிடும் பலம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. முன் விளிம்பிலிருந்து அளந்தால் குழியின் அகலம் யாருக்கும் சேராமல் போகிறது. போதாதற்கு, எதிரணி குழியைத் தோண்டும்போதே முன்பக்கம் கொஞ்சம் அகலமாக வெட்டி எண்ணைக் குறைத்துவிடலாம். பின் விளிம்பில் அந்தக் கள்ளத்துக்கு இடமே இல்லை. இதற்கு மறுமொழி வைத்திருப்பவர்கள் பீடோங்கில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வரட்டும், ஒரு கோலைக் கையோடு கொண்டு வரட்டும்.